அண்டை வீட்டாரின் ஹக்கும் சமய நல்லிணக்கமும்

புகழனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்துக்கோர் அருட்கொடையாக வந்த நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! சமய நல்லிணக்கம் என்று சொன்னதும் நம் மனதில் என்ன வருகிறது? ஒரு மேடை. அதில் ஓர் ஆலிம், ஒரு சாமியார், ஒரு பாதிரியார். மூவரும் கைகோத்து நிற்கும் ஒரு புகைப்படம். அதுவும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மேடையைப் பிரித்த பிறகு, பந்தலைக் கழற்றிய பிறகு, நம் தெருவில் என்ன மிஞ்சுகிறது? இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் சற்று சிந்திக்க இருக்கிறோம்.

வாய்க்கால் தண்ணீரில் ஒரு பாடம்

நாம் காவிரிப் பாசனத்தில் வாழும் மக்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் காத்திருப்பவர்கள். மேல்மடைக்காரர் தண்ணீரைக் கட்டி வைத்தால் கடைமடைக்காரரின் பயிர் கருகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெல் வயலில் தண்ணீர் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. என் வயலைத் தொட்டுவிட்டு அடுத்தவர் வயலுக்குப் போயாக வேண்டும்.

இதே வாய்க்கால் தகராறு ஒன்று மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஹர்ரா என்ற பகுதியிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் முதலில் ஹளரத் ஸுபைர் (ரலி) அவர்களின் பேரீச்சந் தோட்டத்துக்கு வரும். அதற்கு அடுத்துத்தான் ஓர் அன்ஸாரியின் தோட்டம். தண்ணீரை உடனே விடு என்கிறார் அன்ஸாரி. ஸுபைர் (ரலி) மறுக்கிறார்கள். வழக்கு நபியிடம் வருகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஸுபைரிடம், உன் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு அடுத்தவருக்குத் திறந்துவிடு என்று சொன்னார்கள். சட்டப்படி பார்த்தால் மேல்மடையில் இருக்கும் ஸுபைருக்கு இதைவிட அதிக உரிமை உண்டு. மரத்தைச் சுற்றிய வரப்பு நிரம்பும் வரை தண்ணீரைத் தேக்கி வைக்க அவருக்கு அனுமதி உண்டு. ஆனாலும் முதல் தீர்ப்பில், உன் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடு, பக்கத்துத் தோட்டக்காரரும் பிழைக்கட்டும் என்ற சமாதானத்தையே நபியவர்கள் காட்டினார்கள்.

அந்த அன்ஸாரி என்ன செய்தார்? உங்கள் அத்தை மகன் என்பதால் இப்படித் தீர்ப்பா என்று கேட்டுவிட்டார். நபியின் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு, வரப்பு நிரம்பும் வரை தண்ணீரைத் தடுத்து வைத்துக்கொள் என்று ஸுபைருக்கு அவரது முழு உரிமையையும் கொடுத்துவிட்டார்கள்.

சகோதரர்களே! இந்த ஹதீஸில் இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி, விட்டுக்கொடுத்தல். அது நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இரண்டாவது படி, சட்டம். சந்தேகம் புகுந்த இடத்தில் சட்டம் மட்டும்தான் மிஞ்சியது. அந்த அன்ஸாரிக்குக் கிடைக்க இருந்த சலுகை அவருடைய ஒரு வார்த்தையால் போய்விட்டது. ஓர் ஊரில் பல சமயத்தார் சேர்ந்து வாழ்வதும் இப்படித்தான். நம்பிக்கை இருக்கும் வரை விட்டுக்கொடுத்து வாழலாம். சந்தேகம் வந்துவிட்டால் சட்டமும் போலீஸும் மட்டும்தான் நடுவில் நிற்கும்.

மார்க்கத்தையும் விடாமல், உறவையும் விடாமல்

சிலருக்கு ஒரு தயக்கம் வரும். நல்லிணக்கம் என்று போனால் நம் ஈமான் கரைந்துவிடுமோ? இன்னும் சிலருக்கு இதற்கு நேர்மாறான எண்ணம். எல்லோருடைய வணக்கத்திலும் கலந்துகொண்டால்தான் நல்லிணக்கமோ? இரண்டுமே சரியல்ல.

வணக்க விஷயத்தில் அவரவர் வழி அவரவருக்கு என்று காஃபிரூன் அத்தியாயம் கோடு போட்டுவிட்டது. நம் தவ்ஹீதில் எந்த சமரசமும் இல்லை. அதே நேரத்தில், மார்க்கத்துக்காக நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளைவிட்டு வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் தெளிவாக்குகிறது. தடுக்கவில்லை என்பதோடு அந்த வசனம் நிற்கவும் இல்லை. நீதியாளர்களை அல்லாஹ் நேசிக்கிறான் என்று முடிகிறது.

ஹளரத் அஸ்மா (ரலி) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார். அவர்களுடைய தாயார் இஸ்லாத்தை ஏற்காத நிலையில் மகளைப் பார்க்க மதீனா வந்தார்கள். தாயோடு உறவு பேணலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டபோது, பேணிக்கொள் என்றே நபியவர்கள் பதில் சொன்னார்கள். மும்தஹினா வசனம் இந்த நிகழ்ச்சியை ஒட்டியே இறங்கியது என்று ஹதீஸ் அறிஞர் சுஃப்யான் இப்னு உயைனா குறிப்பிடுகிறார்.

ஹிஜ்ரத் பயணத்தை எண்ணிப் பாருங்கள். எதிரிகள் தேடுகிறார்கள். பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த ஆபத்தான பயணத்துக்கு வழிகாட்டியாக நபியவர்கள் அமர்த்திக்கொண்டவர் யார்? அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவர். அவர் அப்போது குறைஷிகளின் மதத்தில்தான் இருந்தார். அவரை நம்பி ஒட்டகங்களை ஒப்படைத்தார்கள். அவரும் அமானிதத்தைக் காப்பாற்றினார். இஸ்லாமிய ஆண்டுக்கணக்கே தொடங்கும் அந்தப் பயணத்தில் முஸ்லிமல்லாத ஒருவரின் நேர்மைக்கும் பங்கு இருக்கிறது.

ஹக்கு மதம் கேட்பதில்லை

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, நம் பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தாயிற்றா என்பதுதான். மறுபடியும் கேட்டார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணியதாக நபியவர்கள் சொன்னதை அப்போது எடுத்துச் சொன்னார்கள் (திர்மிதீ). அண்டை வீட்டார் என்ற சொல்லுக்கு மதம் இல்லை என்று ஸஹாபாக்கள் விளங்கியிருந்தார்கள்.

ஒரு யூதரின் சடலம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அவரும் ஓர் உயிர் அல்லவா என்ற கருத்தில் திருப்பிக் கேட்டார்கள் (புகாரி).

இதைப் படித்துவிட்டு நம்மைப் பார்த்துக்கொள்வோம். பெருநாளைக்குப் பிரியாணி கொடுக்கிறோம், மாஷா அல்லாஹ். ஆனால் நம் வயலில் நாற்று நடும் அக்காவுக்குப் பேசிய கூலி அன்றைக்கே போய்ச் சேருகிறதா? கடையில் வேலை பார்க்கும் தம்பியை மரியாதையோடு கூப்பிடுகிறோமா? குனிந்து நம் நிலத்தில் வேலை செய்பவரின் சாதியையும் சமயத்தையும் வைத்து அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் டம்ளர் மாறுகிறதா? பிரியாணி ஸதகா, அன்பளிப்பு. கூலி அவருடைய ஹக்கு. ஹக்கை நிறுத்தி வைத்துக்கொண்டு அன்பளிப்பு கொடுப்பவர் கணக்கில் தவறுகிறார்.

உடன்படிக்கையோடு வாழும் பிற சமயத்தவருக்கு ஒருவர் அநீதி செய்தாலோ, சக்திக்கு மீறி வேலை வாங்கினாலோ, மனம் ஒப்பாமல் அவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டாலோ, மறுமையில் அவருக்கு எதிராக நானே வாதாடுவேன் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (அபூதாவூத்). யாருடைய ஷஃபாஅத்தை நம்பி நாம் வாழ்கிறோமோ, அவர்களே எதிர்த்தரப்பில் நின்றால் நம் நிலை என்ன? அல்லாஹ் காப்பாற்றுவானாக!

இந்த மண்ணில் நடந்தது

நம் டெல்டா வட்டாரத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. நாகூருக்குப் போகிறவர்கள் தொலைவிலிருந்தே பார்ப்பது பெரிய மினாராவை. 131 அடி உயரம். அதைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் ஓர் இந்து. தஞ்சைப் பெரிய கோயிலைத் தம் ஆட்சியில் வைத்திருந்த அரச குடும்பத்தவர் நாகூரில் மினாரா எழுப்பினார். இன்றும் நாகூர் கந்தூரிக்கு வரும் கூட்டத்தில் பிற சமய மக்கள் பெருந்திரளாக இருக்கிறார்கள். அதே கடலோரத்தில் கொஞ்சம் தெற்கே போனால் வேளாங்கண்ணி மாதா கோயில். அங்கும் எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள்.

நம் குடவாசலையே பாருங்கள். கோணேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஒரே கடைத்தெருவில்தான் எல்லோரும் சாமான் வாங்குகிறோம். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். இது தானாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நமக்கு முன் வாழ்ந்த பெரியவர்கள் இரு பக்கத்திலும் விட்டுக்கொடுத்துச் சேர்த்து வைத்த சொத்து இது. சொத்தை வாரிசு காப்பாற்றவும் முடியும், அழிக்கவும் முடியும்.

சந்தேகம் நுழைந்துவிட்டால்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் திருவாரூர் மாவட்டத்திலேயே முத்துப்பேட்டை இருக்கிறது. அதை ஒட்டிய ஜாம்புவானோடை தர்காவுக்கு எல்லாச் சமய மக்களும் வருகிறார்கள். ஆனால் அதே முத்துப்பேட்டையில் விநாயகர் ஊர்வலம் வந்தால் ஆண்டுதோறும் பெரும் போலீஸ் படை வந்து இறங்க வேண்டியிருக்கிறது. கடைகள் அடைபடுகின்றன. அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடும் இரு சமுதாயத்து ஏழைகளின் பிழைப்பும் அன்றைக்குப் போகிறது.

தவறு யார் பக்கம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முன்பு சொன்ன ஹதீஸை நினைவுபடுத்துகிறேன். நம்பிக்கை இருந்த இடத்தில் சந்தேகம் புகுந்தால், விட்டுக்கொடுத்தல் போய்ச் சட்டம் மட்டும் மிஞ்சும். போலீஸ் பாதுகாப்பு அமைதியைத் தரும், நிம்மதியைத் தராது.

இன்றைக்குச் சந்தேகம் நுழையும் வாசல் எது? நம் கையில் இருக்கும் செல்போன்தான். எங்கோ வேறு மாநிலத்தில் எப்போதோ நடந்த ஒரு வீடியோவை நேற்று நடந்ததாகச் சொல்லி அனுப்புகிறார்கள். சரியா தவறா என்று பார்க்காமல் நாமும் பத்து குரூப்புக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் பக்கத்திலும் இதுவே நடக்கிறது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரும் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் எச்சரிக்கிறது. பிறர் வணங்குபவற்றைத் திட்ட வேண்டாம் என்று அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம் தடுக்கிறது. ஏனென்றால் அவர்களும் அறியாமையால் அல்லாஹ்வைத் திட்டத் தொடங்குவார்கள். அப்படியானால் நம் கேலிப் பதிவுக்கு வரும் பதிலில் நமக்கும் பங்கு உண்டு.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள கோபம் உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தில் மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் வருகிறது. கோபம் வரவே கூடாது என்று அந்த வசனம் சொல்லவில்லை. நமக்கு அநீதி நடந்தால் கோபம் வரும். சட்டப்படி நியாயம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் எங்கோ ஒருவன் செய்ததற்கு நம் தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவரைப் பொறுப்பாக்குவது நீதியல்ல.

பரங்கிப்பேட்டை காட்டிய வழி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அந்தக் காலையை நம் கடலோர மக்கள் மறக்க மாட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொள்ளிடத்துக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. ஊரில் முஸ்லிம்கள் அதிகம். சுற்றிலும் கடற்கரையில் இந்து மீனவர்களின் குப்பங்கள். அலை அந்தக் குப்பங்களை அடித்துக்கொண்டு போனது.

அன்று ஊரில் கல்யாணத்துக்காகச் சமைத்திருந்த உணவு உயிர் தப்பி வந்த மக்களுக்குப் போனது. கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் அவர்களுக்காகத் திறக்கப்பட்டன. ஊர் ஜமாஅத்தின் இளைஞர்கள் சடலங்களைத் தேடி எடுத்தார்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். தொடர்ந்து பல நாட்கள் ஜமாஅத் அந்த மக்களுக்குச் சோறு போட்டது. அரசாங்க உதவி வந்து சேருவதற்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர் வந்து சேர்ந்துவிட்டார்.

இதில் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஜமாஅத்தால் அது எப்படி முடிந்தது? ஒரு மணி நேரத்தில் அத்தனை பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால், கட்டுப்பாடான ஜமாஅத் முன்பே இருக்க வேண்டும். பயந்துபோன மக்கள் தயங்காமல் அந்த மண்டபத்துக்குள் வர வேண்டுமானால், இவர்கள் நம்மவர்கள் என்ற எண்ணம் முன்பே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஆபத்து வந்த நாளில் உண்டாக்க முடியாது. அமைதியான நாட்களில்தான் சேர்த்து வைக்க முடியும்.

2018 நவம்பர் 16, அது ஒரு வெள்ளிக்கிழமை. அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இந்துவின் தோப்பு, முஸ்லிமின் தோப்பு, கிறிஸ்தவரின் தோப்பு என்று காற்று பார்க்கவில்லை. ஜமாஅத்துகள் அண்டா ஏற்றிச் சோறு ஆக்கியபோதும் யாரும் மதம் பார்த்துப் பரிமாறவில்லை. கொரோனா காலத்தில் சொந்தக்காரர்களே தொட அஞ்சிய உடல்களை, அவரவர் சமய முறைப்படி அடக்கவும் எரியூட்டவும் தமிழகமெங்கும் முஸ்லிம் இளைஞர்கள் முன்வந்தார்கள். அவரும் ஓர் உயிர் அல்லவா என்ற அந்த நபிவழிதான் அது. அல்லாஹ் அவர்களின் கூலியை நிறைவாக்குவானாக!

நாம் செய்ய வேண்டியவை

நபித்துவத்துக்கு முன் மக்காவில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. வெளியூர் வியாபாரி ஒருவரின் பணத்தை மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் தர மறுத்தபோது, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் துணை நிற்போம் என்று குறைஷிகளில் சிலர் கூடி உறுதி எடுத்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராக இருந்த நாயகம் (ஸல்) அவர்களும் அதில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அத்தகைய ஒப்பந்தத்துக்கு அழைத்தால் வருவேன் என்றார்கள். பொது நன்மைக்காகப் பிறரோடு சேர நமக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் எதற்கு? ஆகவே நம் மஹல்லாவில் இன்றே தொடங்கக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: ஜும்ஆவுக்கு வரும்போது வண்டியைப் பக்கத்துக் கடை வாசலில் நிறுத்தாதீர்கள். மதிய வியாபாரம் அவருக்கு ரிஸ்க். நாம் தொழும் அரை மணி நேரம் அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது. குர்பானிக் கழிவுகளை அன்றே முறையாகப் புதையுங்கள். தெருவில் துர்நாற்றம் வந்தால், நாம் கொடுத்த கறியை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இரண்டு: நம் தெருவில் பிற சமயத்தவர் வீட்டில் மவுத் ஆகிவிட்டால் போய் நில்லுங்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். அவர்களின் சடங்கில் நாம் கலந்துகொள்ள வேண்டியதில்லை. துக்கத்தில் பக்கத்தில் நின்றாலே போதும்.

மூன்று: வேலை செய்பவரின் கூலியை வியர்வை காயும் முன் கொடுங்கள். கடன் வாங்கியிருந்தால் சொன்ன தேதியில் திருப்புங்கள். இஸ்லாத்தைப் பற்றி நூறு பேச்சு கேட்பதைவிட, ஒரு முஸ்லிமின் நேர்மையான தராசைப் பார்த்துத்தான் மக்கள் நம்மை அறிந்துகொள்வார்கள்.

நான்கு: சமய விஷயமான எந்தச் செய்தியையும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். ஊரில் ஒரு வதந்தி கிளம்பினால், ஜமாஅத் நிர்வாகிகள் உடனே போன் செய்து பேசக்கூடிய நான்கு பெரியவர்களின் எண்கள் கையில் இருக்க வேண்டும். கோயில் நிர்வாகத்திலும், தேவாலயத்திலும், வணிகர்களிடமும் அந்தப் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்த இரவில் போய் அறிமுகம் செய்துகொள்ள முடியாது.

ஐந்து: வாய்க்கால் தூர்வாருதல், குளம் சுத்தம் செய்தல், இரத்ததானம், பிள்ளைகளின் படிப்பு போன்ற பொதுக் காரியங்களில் சேர்ந்து உழையுங்கள். தண்ணீருக்காக ஒன்றாக மண்வெட்டி பிடித்தவர்கள் எளிதில் ஒருவரையொருவர் வெறுக்க மாட்டார்கள்.

சகோதரர்களே! இவற்றில் எதுவும் பெரிய செலவு இல்லை. எதிலும் நம் மார்க்கத்தில் ஒரு இம்மியும் குறையாது. நம் உரிமையில், நம் வசதியில், நம் கோபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான். அதைத்தான் நபியவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களிடம் முதலில் கேட்டார்கள். நம் வயல் நனைந்த பிறகு மடையைத் திறந்துவிடுவோம். தண்ணீர் கடைமடை வரை போகட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் ஈமானை உறுதியாக்குவாயாக! எங்கள் அண்டை வீட்டாரின் ஹக்குகளை நிறைவேற்றும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! எங்கள் நாவாலும் கையாலும் எங்கள் கையிலுள்ள போனாலும் யாருக்கும் தீங்கு வராமல் காப்பாயாக! எங்கள் ஊரையும் இந்தக் காவிரி மண்ணையும் குழப்பத்தை விட்டும், வெள்ளத்தையும் வறட்சியையும் விட்டும் பாதுகாப்பாயாக! இதில் வாழும் எல்லா மக்களுக்கும் நல்ல மழையையும் நல்ல விளைச்சலையும் நிம்மதியான வாழ்வையும் தருவாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!